அண்ணாவுக்குச் சிறுநீரகம்: கொடுக்கப்போகிறவளிடம் யாரும் கேட்கவில்லை

கேள்வி: கொழும்பு13

வணக்கம். கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 31 வயது. திருமணமாகி இரண்டு வருடமாகிறது. இன்னும் குழந்தை இல்லை.

அண்ணாவுக்கு 42 வயது. செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதுகிறார். பிரஷர் இருப்பது தெரிந்தும் நெடுநாள் கவனிக்காமல் விட்டுவிட்டார். போன வருடம் கால் வீங்கி, படியேறினால் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் வைத்தியரிடம் போனார். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்று ஸ்கானில் தெரிந்தது. இப்போது வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணிநேரம், டயலிசிஸ். அதற்காக இடது கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு இருக்கும். அவருடைய சின்ன மகள் இரவில் அதன்மேல் காதை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

ஒரு நாளைக்கு முக்கால் லீட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். ஒரு போத்தலில் பேனையால் கோடு போட்டு வைத்திருக்கிறார்: காலை, மத்தியானம், மாத்திரை, இரவு. கொழும்பு வெயிலில் பின்னேரம் நான்கு மணிக்கு நா வறண்டு போத்தலை எடுப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கோட்டைத் தாண்டியிருந்தால் குடிக்காமலே மூடி வைத்துவிடுவார். இளநீர் இல்லை, வாழைப்பழம் இல்லை. மரக்கறியைக்கூட அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அண்ணி சமைக்கிறார்.

மாற்றுச் சத்திரசிகிச்சைதான் நல்லது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அண்ணா ஓ வகை. அண்ணி பி, பொருந்தாது. அம்மாவுக்கு நீரிழிவு. ரொரன்ரோவில் இருக்கும் சின்னண்ணாவின் குருதி வகை என்னவென்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. ‘அவனுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டுக் கடன் இருக்கிறது’ என்பதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. என் வகை எல்லோருக்கும் தெரியும். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலிருந்து இரத்ததானம் செய்கிறவள் நான். ஓ.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அம்மா வீட்டில் சாப்பிட்டோம். பாரை மீன் குழம்பு. எங்கள் வீட்டில் நடுத்துண்டு எப்போதும் அண்ணாவுக்குத்தான் போகும். அண்ணா அன்று களைத்துப்போய் உள்ளறையில் படுத்திருந்தார். அம்மா அந்தத் துண்டை எடுத்து என் கோப்பையில் வைத்தார். “இனி நீதான் பிள்ளை உடம்பைத் தேற்ற வேண்டும்” என்றார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். பெரிய மாமா, “கடவுள் உன்னை அதற்காகத்தான் எங்கள் வீட்டில் பிறக்க வைத்திருக்கிறார்” என்றார். மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. முடிவு எடுத்தாகிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அப்பா போன பிறகு என் உயர்தரப் பரீட்சைக்கு டியூஷன் காசு கட்டியவர் அண்ணா. மழை நாளில் சைக்கிள் பாரில் வைத்துக் குடை பிடிக்கச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவர். கேட்டிருந்தால் அன்றைக்கே ஆம் என்றிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை என்பது மட்டும் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. கணவர் “உன் உடம்பு, உன் முடிவு” என்கிறார். மாமி ஒன்றும் சொல்லாமல் அழுகிறார். பிள்ளை பெற வேண்டிய உடம்பு என்று அவருக்குப் பயம்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கொடுத்த பிறகு குழந்தை பெறலாமா? வீட்டார் இல்லாமல் நான் தனியாக வைத்தியரோடு பேச முடியுமா? பேசி ‘வேண்டாம்’ என்றால் அது வீட்டுக்குத் தெரிந்துவிடுமா? அண்ணா பன்றிச் சிறுநீரகச் செய்திகளை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். காத்திருந்தால் அது வருமா? மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்க வழியுண்டா?

---

பதில் 1: இடதுபக்கம்

தங்கச்சி, நான் 2017-ல் என் கணவருக்கு இடது சிறுநீரகத்தைக் கொடுத்தவள். பெரும்பாலும் இடதைத்தான் எடுப்பார்கள். அதன் நாளம் நீளமானது, தைக்க வசதி. வெள்ளவத்தையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். கணவர் நன்றாக இருக்கிறார். இன்று காலையும் கடற்கரை ஓரமாக நடந்துவிட்டு வந்தார். கொடுத்ததற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் சொல்லப்போவதைத் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காக.

சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்தபோது வயிற்றைவிடத் தோள்தான் வலித்தது. சிறு துளைகள் வழியாகச் செய்வதற்காக வயிற்றுக்குள் வாயு நிரப்புவார்கள், அந்த வாயு செய்கிற வேலை. மூன்றாம் நாள் நடக்க வைத்தார்கள். சிறு துளைகளைப் பற்றியே எல்லோரும் சொன்னார்கள், சிறுநீரகத்தை வெளியே எடுக்க அடிவயிற்றில் ஒரு வெட்டு இருக்கும் என்பதைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாரம் தூக்க ஆறு வாரத்துக்கு மேல் விடவில்லை. பாடசாலைக்குத் திரும்ப இரண்டு மாதமானது.

பார்க்க வந்தவர்கள் நெஸ்டோமோல்டும் பிஸ்கட்டும் கொண்டு வந்தார்கள். எல்லாம் அவருடைய கட்டிலுக்குப் போயிற்று. என் வார்டுக்கு வந்தவர்கள் “அவருக்குச் சிறுநீர் நன்றாகப் போகிறதாம்” என்று எனக்கு நல்ல செய்தி சொன்னார்கள். “உனக்கு எப்படி?” என்று கேட்டவர் பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா ஒருவர் மட்டும். அவர் பிட்டுப் பார்சலில் பாதியைப் பிரித்துத் தந்தார். அந்தப் பிட்டின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது.

என்னிடமும் யாரும் கேட்கவில்லை தங்கச்சி. மனைவி கொடுப்பாள் என்பதை ஊரே முடிவு செய்திருந்தது. ஒரு நாள் பரிசோதனைக்காக இரத்தம் எடுத்துக்கொண்டிருந்த இளம் வைத்தியர், கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். “அம்மா, உங்களுக்கு இதில் விருப்பமா?” என்று தமிழில் கேட்டார். திக்கித்திக்கிப் பேசிய தமிழ். நான் பத்து நிமிடம் அழுதேன். பிறகு விருப்பம் என்றேன். அந்த விருப்பம் அதற்கு முன் எனக்குள் இருந்ததா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. கேட்ட பிறகுதான் அது என்னுடையதாயிற்று.

ஆகவே தனியாகப் பேசுங்கள். அண்ணாவைப் பார்க்கிற வைத்தியரிடம் மட்டும் போகாமல், உங்களை மட்டும் பார்க்கிற இன்னொருவரிடமும் பேசுங்கள். கொடுத்த பிறகு வருடா வருடம் பிரஷர், இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்க்க வேண்டும். உடம்பு நோகிறதென்று நீங்களாகவே பார்மசியில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடக்கூடாது.

---

பதில் 2: நேர்ப்பேச்சு

மன்னிக்க வேண்டும், நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். என் தம்பி டயலிசிஸில் மூன்று வருடம் இருந்தான். எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஈரல் கெட்டிருந்ததால் என்னுடையதை எடுக்க மறுத்துவிட்டார்கள். மற்றவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். யோசித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை அவன் போய்விட்டான். பொட்டாசியம் கூடி இதயம் நின்றுவிட்டது என்றார்கள். கூடப் பிறந்தவர்களுக்குள் கேட்டுத்தான் கொடுக்க வேண்டுமா? கேட்கவில்லை என்ற மனத்தாங்கலில் நாட்களை விட்டுவிடாதீர்கள் சகோதரி. நாட்கள் அவர் பக்கம் இல்லை.

---

இடதுபக்கம்

ஐயா, உங்கள் தம்பிக்காக மனம் வருந்துகிறேன். நீங்கள் சொல்கிற அவசரம் உண்மை. ஆனால் உங்கள் வீட்டில் ‘யோசித்துச் சொல்கிறோம்’ என்றவர்கள் ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்ல வழியிருந்திருந்தால் நீங்கள் முதல் மாதமே வேறு வழி தேடியிருப்பீர்கள் அல்லவா? இல்லை என்று சொல்ல விடாத வீட்டில் எல்லோரும் இழுத்தடிப்பார்கள். அதில் போகிறது நோயாளியின் நாள்தான்.

---

பதில் 3: பழைய தாதி

மகள், முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக இருந்தேன், அதில் பாதிக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில். ஓய்வு பெற்று தெஹிவளையில் இருக்கிறேன். உங்கள் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில்.

குழந்தை பெறலாம். கொடுத்த பின் எத்தனையோ பெண்கள் பெற்றிருக்கிறார்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்தே முடிவெடுங்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் செய்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், சிறுநீரகம் கொடுத்த பெண்களின் கர்ப்பங்களில் நூற்றுக்குப் பதினொன்றில் கர்ப்பகாலப் பிரஷர் நோய் வந்தது. அதே அளவு சுகமுள்ள, கொடுக்காத பெண்களில் அது ஐந்துதான். குறைமாதப் பிரசவத்திலும் குழந்தையின் நிறையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முதலில் பிள்ளை, பிறகு தானம் என்று சொல்லும் வைத்தியர்களும் உண்டு. உங்கள் மாமியின் கண்ணீரைப் பழமைவாதம் என்று தள்ளிவிடாதீர்கள், அதற்குள் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது.

சத்திரசிகிச்சையால் கொடுப்பவர் இறப்பது மிக அரிது. அமெரிக்காவில் 2013 முதல் 2022 வரையான கணக்கில் பத்தாயிரம் பேருக்கு ஒருவரிலும் குறைவு. வாழ்நாளில் கொடுத்தவருக்கே சிறுநீரகம் பழுதாகும் வாய்ப்பு, அங்கே 2014-ல் வெளியான ஆய்வின்படி, பத்தாயிரத்துக்குத் தொண்ணூறு. கொடுக்காத, ஒத்த சுகமுள்ளவர்களில் பதினான்கு. சிறிய எண்தான், ஆனால் பூச்சியமில்லை. உங்கள் விடயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அண்ணாவுக்குப் பிரஷரால் சிறுநீரகம் போனதா, சிறுநீரக நோயால் பிரஷர் வந்ததா? நாற்பத்திரண்டு வயதில் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். குடும்ப வழி வருகிற நோயாக இருந்தால் கூடப் பிறந்த உங்களுக்கும் அது இருக்கலாம்.

இல்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, மயக்க மருந்து கொடுக்கும் வரை உண்டு. ‘மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை’ என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுப்பவரைக் காப்பாற்றுவது பல நாடுகளில் உள்ள வழக்கம். இதைத் தனியாகக் கேட்டுப்பாருங்கள். ரொரன்ரோவில் இருக்கும் சின்னண்ணாவையும் கேளுங்கள். குருதி வகை பார்க்க ஒரு சொட்டு இரத்தம் போதும்.

தரகர் யாராவது தொலைபேசி எடுத்தால் வைத்துவிடுங்கள். 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் உறுப்பை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. 2016-ல் இந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து கொழும்பில் சிறுநீரகம் எடுத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து, வெளிநாட்டவருக்கான மாற்றுச் சிகிச்சையை அரசாங்கம் நிறுத்தியது உங்களுக்கு நினைவிருக்கும்.

மூளைச்சாவைப் பற்றிக் கேட்டீர்கள். அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன், எனக்குள் நெடுநாள் கிடக்கிற விடயம் அது.

நம் நாடு கொடுக்கத் தெரியாத நாடில்லை. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961-ல் கண்தான சங்கத்தைத் தொடங்கினார். 1964-ல் சிங்கப்பூருக்கு முதல் முறையாகக் கண்கள் அனுப்பப்பட்டன. இன்று உலகத்தில் எத்தனையோ நாடுகளில் நம்மவர் கொடுத்த கருவிழியால் பார்க்கிறார்கள். முதல் சிறுநீரக மாற்று 1985-ல் கொழும்பில் நடந்தது. 2017-ல் கண்டியில் இதயத்தையே மாற்றினார்கள். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் கண் கேட்கும்போது சாவு எல்லோருக்கும் தெரிந்த சாவாக இருக்கிறது. உடல் குளிர்ந்துவிட்டது, ஒப்பாரி தொடங்கிவிட்டது. மூளைச்சாவில் மார்பு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது, திரையில் இதயத் துடிப்பு ஓடுகிறது. அந்த நேரத்தில் வாயைத் திறந்து கேட்பதுதான் என் தொழிலில் நான் கண்ட மிகக் கடினமான வேலை.

ஒரு வைத்தியசாலையில் (பெயர் வேண்டாம்) மலையகத்திலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். மோட்டார் சைக்கிள் விபத்து. இரண்டு வைத்தியர்கள் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். கண்மணியில் வெளிச்சம் பாய்ச்சுவது, காதில் பனிக்குளிர் நீர் விடுவது, தொண்டையைத் தொட்டு இருமல் வருகிறதா என்று பார்ப்பது, கடைசியில் மெஷினைக் கழற்றி அவனாக மூச்செடுக்கிறானா என்று பார்ப்பது. எதுவும் இல்லை. நடைபாதையில் தகப்பனும் தாய்மாமனும் நின்றார்கள். விளக்கம் சிங்களத்தில் சொல்லப்பட்டது. அந்த நேரம் தமிழ் தெரிந்தவர் என்று கிடைத்தது ஒரு சிற்றூழியர். அவர் நல்ல மனிதர், தனக்குத் தெரிந்தபடி மொழிபெயர்த்தார்: “மூளை வேலை செய்யவில்லையாம். கிட்னியைத் தருவீர்களா என்று கேட்கிறார்கள்.”

தகப்பன் சொன்ன பதில்: “மூளை வேலை செய்யாவிட்டால் பரவாயில்லை ஐயா. நான் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.”

நான் இரவு வேலைக்கு ஏழு மணிக்கு வந்தேன். கேட்டவுடன் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து விளங்கப்படுத்தினேன். காலம் கடந்துவிட்டது. கிட்னிக்காகப் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் அந்த மனிதரின் கண்ணில் இறங்கிவிட்டது. மறுநாள் இரவு பையனின் இதயம் தானாக நின்றது. தகப்பன் அவனுடைய செருப்பை ஒரு சாக்குப் பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு விடியும் வரை இருந்தார். கொடுக்காததற்காக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் யாரும் சரியாகக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ‘மூளைச்சாவு’ என்ற சொல்லை எந்தத் தமிழ்க் குடும்பத்திடமும் முதலில் சொன்னதில்லை. “உங்கள் மகன் இறந்துவிட்டார் அம்மா. மூச்சு விடுவது மெஷின்” என்பேன். பிறகு பேசாமல் இருப்பேன். அழட்டும், யாரையாவது தொலைபேசியில் கூப்பிடட்டும், மகனின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். வேறொரு வேளையில்தான் தானத்தைப் பற்றி வாயெடுப்பேன். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பது பாவம்.

ஆகவே மகள், மூளைச்சாவு வழியாகக் கிடைப்பதை மட்டும் நம்பிக் காத்திருப்பது இப்போதைக்கு மெலிந்த நம்பிக்கை. பெயரைப் பதிந்து வைக்க வழியுண்டா என்று கேட்டு வையுங்கள், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

---

பதில் 4: ஹரோவிலிருந்து

பம்பலப்பிட்டியில் வளர்ந்து இப்போது லண்டனில் ஹரோவில் இருக்கிறேன். நான் என் அக்காவுக்குக் கொடுத்தவன். இங்கே ஒரு நடைமுறை இருக்கிறது, உங்களுக்குப் பயன்படலாம். உயிரோடு இருப்பவர் உறுப்புக் கொடுக்க வேண்டுமானால், மருத்துவக் குழுவைச் சேராத தனி மதிப்பீட்டாளர் ஒருவர் முதலில் பேச வேண்டும். கொடுப்பவரோடு தனியாக, பெறுபவரோடு தனியாக, பிறகு இருவரோடும் சேர்த்து. 2004 ஆம் ஆண்டு வந்த மனித இழையச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு. என்னிடம் “நீங்கள் கொடுக்காவிட்டால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்?” என்று கேட்டார்கள். அப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. பதில் சொல்ல நெடுநேரம் எடுத்தேன். கொழும்பில் அப்படி ஒருவர் இல்லாவிட்டாலும் அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்கும்படி உங்கள் வைத்தியரிடமே சொல்லலாம்.

பழைய தாதி அம்மா எழுதிய மூளைச்சாவு விடயத்துக்கு ஒரு சேர்க்கை. இங்கிலாந்தில் 2020 மே 20 முதல் சட்டம் மாறிவிட்டது. மறுப்புத் தெரிவிக்காத வயதுவந்தவர்களெல்லாம் இறந்தபின் கொடுக்கச் சம்மதித்தவர்களாகவே கருதப்படுவார்கள். வேல்ஸ் 2015-லேயே தொடங்கியது, ஸ்கொட்லாந்து 2021, வட அயர்லாந்து 2023. ஆனாலும் குடும்பத்திடம் பேசாமல் எடுப்பதில்லை. குடும்பம் ஒத்துக்கொள்ளாமல் நின்றுபோவது இன்னும் நடக்கிறது, தெற்காசியக் குடும்பங்களில் கூடுதலாக. நம்மவர்கள் சிறுநீரகத்துக்கு அதிக காலம் காத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்பெயினைப் பாருங்கள். அங்கே சம்மதம் கருதும் சட்டம் 1979-லேயே வந்துவிட்டது, எண்ணிக்கை ஏறவில்லை. 1989-ல் தேசிய அமைப்பை உண்டாக்கி, பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை வைத்தியசாலைகளில் வைத்த பிறகுதான் ஏறியது. இன்று உலகின் முன்னணியில் இருக்கிறார்கள். அந்த ஒருங்கிணைப்பாளர்களின் வேலை என்ன? அம்மா செய்த அதே வேலை.

தமிழ்நாட்டில் 2023 செப்டெம்பரில், உறுப்புக் கொடுத்து இறந்தவர்களுக்கு அரச மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று அறிவித்தார்கள். காடாற்று வரை நம் வீடுகளில் ஊர் என்ன சொல்லும் என்பது எவ்வளவு பெரிய விடயம் என்று தெரிந்தவர்கள் யோசித்த திட்டம் அது என்று எனக்குப் பட்டது. இங்கேயும் யாராவது யோசிக்கலாம்.

---

பதில் 5: ஆய்வுகூடம்

பன்றிச் சிறுநீரகம் பற்றி மட்டும் சுருக்கமாக. அண்ணா அனுப்புவது பொய்ச் செய்தி இல்லை. 2024 மார்ச்சில் பொஸ்டனில் ரிச்சர்ட் ஸ்லேமன் என்பவருக்கு 69 மரபணுத் திருத்தங்கள் செய்த பன்றியின் சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். இரண்டு மாதத்தில் அவர் இறந்தார், பொருத்தியதால் இறந்ததாக அறிகுறி இல்லை என்று வைத்தியசாலை கூறியது. 2024 நவம்பரில் நியூயோர்க்கில் டோவானா லூனி என்ற பெண்ணுக்குப் பொருத்தியது 130 நாள் வேலை செய்தது, பிறகு உடல் நிராகரித்ததால் எடுக்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் டிம் அன்ட்ரூஸ் என்பவருக்கு 271 நாள். நாட்கள் கூடிக்கொண்டு வருவது மகிழ்ச்சியான செய்திதான். உயிருள்ள மனிதர் கொடுத்தது பெரும்பாலும் பதினைந்து, இருபது வருடம் ஓடும். அண்ணாவின் முடிவை அந்தச் செய்திகளின்மேல் வைக்க வேண்டாம்.

உங்கள் கேள்வியைப் படித்தபோது நினைவுக்கு வந்த ஒரு கணக்கு: இந்தியாவில் 1995 முதல் 2021 வரை நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில் 29,000-க்கு மேல் ஆண்களுக்கு. உயிரோடு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் மனைவியரும் தாய்மாரும். நடுத்துண்டு மீன் உங்கள் வீட்டில் மட்டும் வைக்கப்படவில்லை.

---

கொழும்பு13

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பழைய தாதி அம்மா, அந்தத் தகப்பனைப் பற்றி எழுதியதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். இருவரும் அன்றிரவு சாப்பிடவில்லை. நேர்ப்பேச்சு அண்ணா, உங்கள் தம்பியை நினைத்துத்தான் இதைத் தள்ளிப்போடாமல் செய்தேன்.

டயலிசிஸ் நாளில் அண்ணாவோடு நானே போனேன், அண்ணியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு. மெஷினில் இரண்டாம் மணிநேரம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாவால் கையை அசைக்க முடியாது, எழுந்து போகவும் முடியாது. அதற்காகத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கேட்டேன். “என்னுடையதை எடுப்பதென்று உங்களுக்கு யார் சொன்னது?”

“நீயே வந்து அம்மாவிடம் சொன்னதாகச் சொன்னார்களே” என்றார்.

நான் சொல்லவில்லை என்றேன். மீனைப் பற்றிச் சொன்னேன். அவர் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். குழாயில் அவருடைய இரத்தம் போய்வந்துகொண்டிருந்தது. நீ முன்வந்தாய் என்று நம்பித்தான் வெட்கத்தில் உன் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன், பன்றிச் செய்தியை அனுப்பியதும் உனக்கு ஒரு வழி விடத்தான் என்றார். எனக்கு அது விளங்கவேயில்லை. அவருடைய அவசரம் என்றே நினைத்திருந்தேன்.

பிறகு சொன்னார்: “இப்போது நான் கேட்கிறேன். பதில் இன்றைக்கு வேண்டாம்.”

அன்றிரவு ரொரன்ரோவுக்கு அவரே தொலைபேசி எடுத்துக் குருதி வகையைக் கேட்டார். சின்னண்ணா ஓவாம். அடுத்த வாரம் அங்கே பரிசோதனைக்குப் போகிறார். நோயின் காரணம் குடும்ப வழியா என்று அண்ணா தன் வைத்தியரிடம் கேட்டிருக்கிறார். எனக்குத் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு வேறொரு வைத்தியரிடம் நேரம் கிடைத்திருக்கிறது. நான் மட்டும் போகிறேன். கணவர் வாசலில் இருப்பார்.